ரீசெல், மாஸ்டர் ரீசெல், பிஎல்ஆர், கிரியேட்டிவ் காமன்ஸ்: தமிழாக்கி விற்க எது தோதுப்படும்?

“ஒருமுறை வாங்குங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளுங்கள், லாபம் முழுக்க உங்களுக்கே.” இன்ஸ்டாகிராமில் இந்த மாதிரி விளம்பரத்தைப் பார்க்காதவர் குறைவு. மின்னூல், கோர்ஸ் வீடியோ, பிளானர், டெம்ப்ளேட் என்று மூட்டையாகத் தருகிறார்கள். நாமும் விலையைப் பார்க்கிறோம், எத்தனை ஃபைல் என்று பார்க்கிறோம், ஜிப்புக்குள் கிடக்கும் லைசென்ஸ் என்ற சின்ன டெக்ஸ்ட் ஃபைலை மட்டும் திறப்பதில்லை. காசு கொடுத்து வாங்கியதே அதில் எழுதியிருக்கும் அனுமதியைத்தான்.

ஒரே பொருளை வைத்து ஒப்பிடுவோம். மாடித்தோட்டம் பற்றி ஆங்கிலத்தில் 60 பக்க மின்னூல் ஒன்று கிடைக்கிறது, அதைத் தமிழில் போட்டு 149 ரூபாய்க்கு விற்க ஆசை. எந்த லைசென்ஸில் அது நடக்கும்?

லைசென்ஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால் அது சொந்த உபயோகத்துக்கு மட்டும். “நான் வாங்கியது, நான் விற்கிறேன்” என்ற நியாயம் பழைய புத்தகக் கடையில் செல்லும், ஃபைலில் செல்லாது, ஏனென்றால் ஃபைலைக் கைமாற்றினாலே புதுப் பிரதி ஒன்று உருவாகிவிடுகிறது. அமெரிக்காவில் வாங்கிய பாட்டு ஃபைல்களை மறுவிற்பனை செய்ய வழி செய்துகொடுத்த ரீடிஜி நிறுவனம் 2018இல் மேல்முறையீட்டிலும் தோற்றது இந்தக் காரணத்தால்தான். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012இல் பயன்படுத்திய மென்பொருள் லைசென்ஸை விற்கலாம் என்றது, ஆனால் 2019இல் பழைய மின்னூல் விற்ற டாம் கபினெட் தளத்தின் வழக்கில் மின்னூலுக்கு அந்தச் சலுகை கிடையாது என்றுவிட்டது.

அடுத்தது ரீசெல் உரிமையும் மாஸ்டர் ரீசெல் உரிமையும். ரீசெல் என்றால் அந்த மின்னூலை நீங்கள் விற்கலாம், உங்களிடம் வாங்கியவர் படிக்க மட்டும்தான் முடியும். மாஸ்டர் என்றால் அவரும் விற்கலாம், அவரிடம் வாங்கியவரும் விற்கலாம். கேட்க மாஸ்டர்தான் பெரிதாகத் தெரியும், ஆனால் வியாபாரமாகப் பார்த்தால் நிலைமை தலைகீழ்: நீங்கள் விற்கும் ஒவ்வொரு பிரதியும் உங்களுக்கு ஒரு போட்டியாளரை உண்டாக்குகிறது, அவர் 99 ரூபாய்க்கு இறங்குவார், அடுத்தவர் 49க்கு இறங்குவார், கடைசியில் டெலிகிராம் குரூப்பில் சும்மா கிடைக்கும். பல லைசென்ஸில் ‘இந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது’, ‘இலவசமாகத் தரக் கூடாது’ என்று இருக்கத்தான் செய்கிறது, அதை யார் கண்காணிக்கிறார்கள்? நம் கணக்குக்கு முக்கியமான இன்னொன்று, இந்த இரண்டிலும் பெரும்பாலும் உள்ளடக்கத்தைத் தொடவே கூடாது. அப்படியென்றால் மொழிபெயர்ப்பும் கூடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் மொழிபெயர்ப்பு தனி உரிமை, விற்கும் அனுமதிக்குள் அது தானாக வந்துவிடாது. மாடித்தோட்டம் இங்கேயே நின்றுவிடுகிறது.

பிஎல்ஆர் (Private Label Rights, உங்கள் சொந்தப் பெயரில் வெளியிடும் உரிமை) வேறு ரகம். மாற்றலாம், வெட்டலாம், சேர்க்கலாம், உங்கள் பெயர் போடலாம். ஃபைலைத் திறந்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ‘விற்கலாம் – ஆம். திருத்தலாம் – ஆம். ஆசிரியராக உங்கள் பெயர் போடலாம் – ஆம். பிஎல்ஆர் உரிமையை அடுத்தவருக்கு விற்கலாம் – இல்லை. கட்டண உறுப்பினர் தளத்தில் சேர்க்கலாம் – இல்லை.’ அந்தக் கடைசி இரண்டு ‘இல்லை’யில்தான் பலர் மாட்டுகிறார்கள். வேர்ட் ஃபைலை அப்படியே வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிடுவது, மாதச் சந்தா குரூப்பில் தூக்கிப் போடுவது எல்லாம் மீறல். இது எல்லாருக்கும் பொதுவான விதியும் இல்லை, ஒவ்வொரு விற்பனையாளரும் தன் இஷ்டத்துக்கு எழுதுவது, அதனால் ஒரு பிஎல்ஆரைப் படித்துவிட்டு இன்னொன்றும் அப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். திருத்தும் அனுமதியில் மொழிபெயர்ப்பும் அடக்கமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், அதே மூலத்தை இன்னும் எத்தனையோ பேர் வாங்கியிருப்பார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் குளிர்நாட்டுத் தோட்டம். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் ஏற்ற மாதிரி பாதிக்கு மேல் திருப்பி எழுதாமல் விற்பது வாங்குகிறவருக்குச் செய்யும் அநியாயம்.

கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது படைப்பாளியே எல்லாருக்கும் முன்கூட்டிக் கொடுத்துவைக்கும் இலவச அனுமதி, அதைப் பற்றி நிறைய தவறான எண்ணம் உலவுகிறது. இலவசம் என்றால் விற்கக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள், இலவசம்தானே, என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று வேறு சிலர். இரண்டும் சரியில்லை. லைசென்ஸ் பெயரில் பிஒய் (BY) என்ற குறி மட்டும் இருந்தால் மூல ஆசிரியர் பெயரையும் லைசென்ஸையும் சொல்லி, மாற்றம் செய்திருந்தால் அதையும் குறிப்பிட்டுவிட்டுத் தாராளமாக மொழிபெயர்த்து விற்கலாம். என்சி (NC) இருந்தால் வியாபாரம் கிடையாது. என்டி (ND) இருந்தால் அப்படியே விற்கலாம், மொழிபெயர்த்து வெளியிட முடியாது. விக்கிப்பீடியா கட்டுரைகளுக்கு இருக்கும் எஸ்ஏ (SA) வந்தால் உங்கள் தமிழாக்கத்துக்கும் அதே லைசென்ஸ்தான், அதாவது 149 கொடுத்து வாங்கியவர் நாளைக்கே ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தாலும் நீங்கள் வாய் திறக்க முடியாது. பிரதி எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டு விற்கவும் இந்த லைசென்ஸ்கள் விடுவதில்லை, கிண்டிலில் ஏற்றும்போது டிஆர்எம் என்ற அந்தப் பூட்டு வேண்டாம் என்பதைத் தேர்வு செய்ய வேண்டும்.

என் மனதுக்குப் பிடித்த வழி, தமிழர்கள் அதிகம் கவனிக்காத வழி, நாட்டுடைமையானவையும் பதிப்புரிமைக் காலம் முடிந்தவையும். இந்தியாவில் ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1954இல் மறைந்த கல்கியின் எழுத்துக்கு 2014 முடிவோடு காலம் முடிந்தது, அதற்கு முன்பே அரசு நாட்டுடைமையும் ஆக்கியிருந்தது. அங்கே யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நூலுக்கு இன்று ஒருவர் எழுதிய முன்னுரை, குறிப்பு, வரைந்த அட்டைப்படம் எல்லாம் அவருடையவை, அவற்றைத் தொடாதீர்கள். பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளை எடுத்தால், முகப்புப் பக்கத்தை அப்படியே வைத்திருந்தால்தான் பகிரலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கிண்டில் கடையில் ஏற்கனவே இலவசமாகக் கிடைக்கும் பழைய நூலை வெறுமனே ஏற்றினால் அமேசானின் சுயவெளியீட்டுத் தளமான கேடிபி ஏற்பதில்லை, மொழிபெயர்ப்போ குறிப்புரையோ புதுப் படங்களோ சேர்த்து வித்தியாசப்படுத்தச் சொல்கிறது, அப்படிப்பட்ட நூலுக்கு 35% ராயல்டிதான். எனக்கு இதில் குறையே தெரியவில்லை, உழைத்தவருக்குத்தான் காசு.

எந்த லைசென்ஸ் வாங்கினாலும் இந்தியச் சட்டத்தில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. உரிமை மாற்றத்துக்குச் சொல்லும் 19ஆம் பிரிவு லைசென்ஸுக்கும் பொருந்தும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாடுகளில் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். சிங்கப்பூர், மலேசியா, கனடாத் தமிழர்களுக்கு விற்கப் போகிறீர்கள் என்றால் ‘ஆயுள் முழுக்க’ என்று விளம்பரத்தில் கத்துவதை நம்பாமல் காலமும் நாடுகளும் லைசென்ஸில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்தே மீறினால் 63ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம்.

மாடித்தோட்டத்துக்கு என் தேர்வைக் கேட்டால், பிஒய் லைசென்ஸில் நல்ல கையேடு கிடைத்தால் முதலில் அது, கிடைக்காவிட்டால் மொழிபெயர்ப்பை வெளிப்படையாக அனுமதிக்கும் பிஎல்ஆர். மாஸ்டர் ரீசெலை இலவசமாகக் கொடுத்தாலும் தொட மாட்டேன். வாங்குவதற்கு முன் விற்பவருக்கு ஒரு மெயில் போடுங்கள்: இதை எழுதியது யார், உங்களுக்கு இந்த உரிமை எப்படி வந்தது, தமிழாக்கி விற்கலாமா, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடுகளில்? பதிலையும் லைசென்ஸ் ஃபைலையும் பில்லையும் ஒரே ஃபோல்டரில் தேதியோடு சேமித்து வையுங்கள். பதிலே வராவிட்டால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.