குட்டி சந்தோஷத்துல உச்சா போறதை "திமிரு"ன்னு சொல்ற ட்ரெய்னர்கிட்ட விட்டுடாதீங்க, நாங்க விட்டுட்டு அனுபவிச்சோம்

ரெண்டு மாசமா எழுதணும் எழுதணும்னு தள்ளிப்போட்டுட்டே வந்தேன், எழுத உக்காந்தாலே மனசு கனத்துப் போயிடுது. நேத்து தெரிஞ்சவங்க ஒருத்தங்க அவங்க குட்டியை அதே ட்ரெய்னர்கிட்ட விடப்போறதா சொன்னாங்க, அதுக்கப்புறம் சும்மா இருக்க முடியல. அந்த ஆள் பேரை இங்க போடல. அவர் எங்ககிட்ட சொன்ன அதே டயலாக்கை சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க, அந்த பேச்சைக் கேட்டாலே எழுந்து வந்துடுங்கன்னு சொல்றதுக்குத்தான் இந்த பதிவு. கொஞ்சம் நீளம், நாய் வளக்கறவங்க முழுசா படிங்க ப்ளீஸ்.

எங்க ராணிக்கு அப்போ அஞ்சு மாசம். வீட்டுக்குள்ள அசிங்கம் பண்றதே கிடையாது, நேரத்துக்கு வெளிய கூட்டிட்டுப் போனா அழகா போயிட்டு வருவா, ராத்திரி முழுக்க அடக்கிப்பா. ஒரே ஒரு விஷயம்தான், யாராவது கதவைத் தொறந்து உள்ள வந்துட்டா, அதுவும் என் தம்பி வந்துட்டா போதும், உடம்பே ரெண்டா மடங்கற மாதிரி குழைஞ்சு ஆடிக்கிட்டு ஓடி வருவா, வர்ற வழியெல்லாம் தரையில சொட்டு சொட்டா கோடு விழுந்திருக்கும். போறோம்னு அவளுக்கே தெரியாது. நின்னு உக்காந்து போறதில்ல, திரும்பி மோந்து பாக்கறதும் இல்ல, தம்பி மூஞ்சியை நக்கறதுலயே குறியா இருப்பா. தினமும் தரை துடைச்சு துடைச்சு அலுத்துப்போய்த்தான் ட்ரெய்னரைக் கூப்பிட்டோம்.

வந்தவர் கால்லயும் ரெண்டு சொட்டு விட்டா. அஞ்சு நிமிஷம் கூட பாக்கல, "மேடம், இது திமிரு. வீட்ல யாரு தலைன்னு இதுக்கு தெரியல, நீங்கதான் ஆல்ஃபாவா இருக்கணும். பத்து நாள் எங்க இடத்துல விடுங்க, கியாரண்டியா நிறுத்திக் காட்டறேன்"ன்னார். காசு மொத்தமும் முன்னாடியே கட்டணும், பத்து நாளும் வந்து பாக்கக்கூடாது, வந்தா பழக்கினதெல்லாம் கெட்டுப்போயிடுமாம். டாக்டர்கிட்ட காட்டினீங்களா, எப்போ போறா, போகும்போது எப்படி நிக்கறா, ஒரு கேள்வி கூட கேக்கல. அப்போ அது எனக்கு உறைக்கல.

நடுவுல ரெண்டு சின்ன வீடியோ அனுப்பினார். ராணி ஆடாம அசையாம உக்காந்திருந்தா, பாத்து சந்தோஷப்பட்டோம். இப்போ அதே வீடியோவைப் பாத்தா வயிறு கலங்குது. காது பின்னாடி ஒட்டிக்கிடக்கு, வால் தொடைக்குள்ள சொருகியிருக்கு, நிமிஷத்துக்கு நாலு தடவை உதட்டை நக்கறா, முகத்தை ஒரு பக்கமா திருப்பிட்டு ஓரக்கண்ணால பாக்கறா. நாய் பயந்திருக்குன்னு சொல்ற அத்தனை அடையாளமும் அதுலயே இருந்திருக்கு, எங்களுக்கு படிக்கத் தெரியல.

பத்தாவது நாள் கொண்டு வந்து விட்டாங்க. ஓடி வரல. கதவுகிட்டயே நின்னா. தம்பி "ராணிக்குட்டி"ன்னு குனிஞ்சு தலையைத் தடவ கை நீட்டினான், அவ்ளோதான், அப்படியே தரையோட படுத்து மல்லாந்து வயித்தைக் காட்டி மொத்தமா போயிட்டா. முன்னாடி சொட்டா விழுந்தது இப்போ குளமா தேங்கி நிக்குது, அதுலயே படுத்து கண்ணை மூடிக்கிட்டா. தம்பி நீட்டின கையை எடுக்கவும் தெரியாம அப்படியே நின்னான். அப்புறம் துடைச்சு விடும்போதுதான் பாத்தேன், கழுத்துல முடி தேய்ஞ்சு, பக்கத்துல பக்கத்துல ரெண்டு சின்ன சிவப்பு புண்ணு. கரண்ட் ஷாக் குடுக்கற கழுத்துப்பட்டை, அதான் ஷாக் காலர், அதோட ரெண்டு முனை அழுத்தின இடம். எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல, சொல்லவும் இல்ல. போன் பண்ணா "அது வைப்ரேஷன்தான் மேடம்"னு ஒரே பதில். மறுபடி போனா மூக்கை அதுல தேய்ங்க, பிடரியைப் பிடிச்சு அழுத்துங்க, சாயந்திரத்துக்கு மேல தண்ணி வைக்காதீங்கன்னு அட்வைஸ் வேற. ஒரு நாள் நான் தண்ணியை எடுத்தும் வச்சேன், அதை நெனச்சா இன்னிக்கும் தாங்கல. குட்டிக்கு தண்ணியைக் குறைச்சா உடம்புதான் கெடும், இந்தப் பிரச்சனை நிக்காது.

அடுத்த நாளே வெட் டாக்டர்கிட்ட ஓடினோம், மொதல்லயே போயிருக்க வேண்டிய இடம். புண்ணைப் பாத்ததும் காலரை ரொம்ப நேரம் கழட்டாமலே விட்டிருக்காங்கன்னாங்க. யூரின் டெஸ்ட் எடுத்தாங்க, இன்ஃபெக்ஷன் கல்லு எதுவும் இல்ல. தூக்கத்துல சொட்டுதா, அடிக்கடி முக்கி முக்கி போறாளா, தண்ணி வழக்கத்தை விட அதிகமா குடிக்கறாளான்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க, அதுல எதுவாச்சும் இருந்தா உடம்புப் பிரச்சனையா இருக்கும், சில குட்டிங்களுக்கு பிறவியிலயே மூத்திரக் குழாய் தப்பான இடத்துல சேர்ந்திருக்குமாம், அதெல்லாம் ட்ரெய்னர் சரிபண்ற விஷயமே இல்ல.

அப்புறம் பொறுமையா சொன்னாங்க. "ஏம்மா, இவ முன்னாடி போனது வேற, இப்போ போறது வேற." மொதல்ல இருந்தது சந்தோஷம் தாங்காம போறது. குட்டிங்களுக்கு மூத்திரப்பை வாயை இறுக்கிப் பிடிக்கற தசை இன்னும் முழுசா வசப்பட்டிருக்காது, ஆட்டம் அதிகமானா நழுவிடும், முக்கால்வாசி குட்டிங்களுக்கு ஒரு வயசை ஒட்டி தானா நின்னுடும். இப்போ இருக்கறது பயத்துல பணிஞ்சு போறது. "என்னை ஒண்ணும் பண்ணிடாதே, நான் உனக்கு அடங்கினவ"ன்னு நாய் பாஷையில சொல்றது. அதுக்கு நாம திட்டினா இன்னும் அதிகமா அதையே சொல்லும், அதாவது இன்னும் போகும். அடிக்க அடிக்க கூடத்தான் செய்யும். தெரிஞ்சே செய்யாத ஒண்ணுக்கு தண்டனை குடுத்தா அதுக்கு என்ன புரியும், ஆளுங்க வந்தா வலிக்கும்ங்கறது மட்டும்தான் புரியும். எங்க ராணிக்கு அதைத்தான் காசு குடுத்து கத்துக்குடுத்திருக்கோம்.

அந்த ஆல்ஃபா கதையையும் தேடிப் படிச்சேன். 1947ல ருடால்ஃப் ஷென்கெல்னு ஒருத்தர் அடைச்சு வச்சிருந்த ஓநாய்ங்களைப் பாத்து எழுதினதுல இருந்து கிளம்பினது அது. டேவிட் மெக்னு ஒரு ஓநாய் ஆராய்ச்சியாளர், ஆல்ஃபாங்கற வார்த்தையைப் பரப்பினதுல அவருக்கே பெரிய பங்கு உண்டு, அவரே காட்டுல வாழற ஓநாய்க் கூட்டத்தை நேர்ல பாத்துட்டு, அது அப்பா அம்மா பிள்ளைங்க இருக்கற குடும்பம், சண்டை போட்டு ஜெயிச்ச தலைவன் கதை இல்லன்னு 1999ல எழுதிட்டார். இன்னும் அதைச் சொல்லி அஞ்சு மாசக் குட்டியை மிரட்டறாங்க. அமெரிக்காவுல விலங்கு நடத்தையைப் பாக்கற வெட்னரி டாக்டர்கள் அமைப்பு, ஷாக் காலர் மாதிரி வலி குடுக்கற முறை எதுவும் வேண்டாம், பரிசு குடுத்துப் பழக்கறது மட்டும் போதும்னு 2021ல தெளிவா அறிக்கை விட்டிருக்கு. பிரிட்டன்ல இருக்கற வேல்ஸ்ல ஷாக் காலருக்கு 2010லயே தடை.

டாக்டர் சொன்னது எதுவும் பெரிய வித்தை இல்ல. உள்ள வர்றவங்க அவளைக் கண்டுக்காம, கண்ணைப் பாக்காம, பேசாம நேரா உள்ள போயிடணும். அவ அடங்கினதுக்கு அப்புறம் பக்கவாட்டா திரும்பி தரையில உக்காந்து, அவளா வந்தா மட்டும் தாடைக்கு கீழயோ நெஞ்சுலயோ மெதுவா சொறியணும், தலைக்கு மேல கையைக் கொண்டு போகவே கூடாது, மேல குனியவும் கூடாது. உள்ள வரும்போது ரெண்டு ட்ரீட்டை தரையில தூவிட்டா மூக்கு கீழ போயிடும், ஆட்டம் பாதி குறையும். விளையாடறதுக்கு முன்னாடி வெளிய கூட்டிட்டுப் போய் வரணும், ஆட்டம் போடற விளையாட்டெல்லாம் வெளியதான், கொஞ்ச நேரம்தான். வெளிய போனா உடனே பாராட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சு குடுத்தா எதுக்குன்னு அதுக்குத் தெரியாது. உள்ள போயிட்டா சத்தமே போடாம யூரின் வாசனையையே உடைச்சு எடுக்கற என்ஸைம் க்ளீனர் போட்டு துடைச்சுடணும், அமோனியா வாசனை இருக்கற க்ளீனர் யூரின் வாசனை மாதிரியே இருந்து மறுபடி அங்கயே இழுக்கும். கஷ்டம் எதுன்னா வீட்டுக்கு வர்ற மனுஷங்களைப் பழக்கறதுதான், "ஐயோ செல்லம்"னு குனிஞ்சு ரெண்டு கையையும் நீட்டாம இருக்கவே முடியல அவங்களால.

காசைத் திருப்பிக் கேட்டோம். நாங்க வீட்ல சரியா ஃபாலோ பண்ணலையாம், வேணும்னா இன்னும் பத்து நாள் விடச் சொன்னார். கியாரண்டின்னு சொன்னது வாய்வார்த்தைதான், எழுத்துல ஒண்ணும் வாங்கி வைக்கல, அது எங்க தப்பு. புண்ணோட போட்டோ, டாக்டர் எழுதிக்குடுத்தது, காசு அனுப்பின ஆதாரம் எல்லாம் எடுத்து வச்சிருக்கோம். நீங்க யாரைக் கூப்பிட்டாலும் சரி, என்னென்ன உபயோகிப்பீங்க, தப்பு பண்ணா நாயை என்ன செய்வீங்கன்னு வாயைத் தொறந்து கேளுங்க, நான் இல்லாம ஒரு க்ளாஸ் கூட வேண்டாம்னு சொல்லுங்க. மழுப்பினா அத்தோட விட்டுடுங்க. நாய் ட்ரெய்னர்னு போர்டு போட நிறைய இடத்துல எந்த லைசென்ஸும் தேவையில்ல.

இப்போ ராணிக்கு எட்டு மாசம் ஆகப்போகுது. வீட்டு ஆளுங்ககிட்ட பயம் குறைஞ்சிருக்கு, போன வாரம் தம்பி உள்ள வந்து தரையில உக்காந்தப்போ, அவளா போய் மடியில தலையை வச்சா, ஒரு சொட்டு விழல. ஆனா புது ஆம்பளை யாராவது ஷூ சத்தத்தோட வந்தா இன்னும் மேஜைக்கு அடியில போயிடறா, சங்கிலி மாதிரி சத்தம் கேட்டாலும் அதேதான். தம்பி அவன் சாவிக்கொத்துல இருந்த வளையத்தைக் கழட்டிட்டு துணிக்கயிறுல கட்டி வச்சிருக்கான், குலுங்காம இருக்கறதுக்காக.