சஃபாரிக்குப் பணம் கட்டும் முன்: ராத்திரி படுப்பது வாசலுக்கு உள்ளேயா, வெளியேயா?

நமீபியா, போட்ஸ்வானா, விக்டோரியா நீர்வீழ்ச்சி என்று ஒரே வண்டியில் குழுவாகப் போய்க் கூடாரத்தில் தங்கும் சஃபாரிக்கு விசாரித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விலை, சாப்பாடு, ஸ்லீப்பிங் பேக் எல்லாம் அப்புறம். ஒவ்வொரு இரவும் எந்த கேம்ப்சைட், அது பூங்கா வாசலுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். நானும் என் நாத்தனாரும் நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக்கில் தொடங்கும் ஒரு பயணத்துக்குப் பணம் கட்டினோம். எங்கள் கையில் இருந்த பயணத் திட்டத்தில் "டூன் 45 மணல்மேட்டில் சூரிய உதயம்" என்றும், "எட்டோஷா பூங்காவில் இரவில் நீர்நிலையருகே விலங்குகள்" என்றும் தெளிவாகவே இருந்தது. இரண்டுமே நடக்கவில்லை. அவர்கள் போட்டிருந்த ஏற்பாட்டில் நடக்கவும் முடியாது.

ஏன் முடியாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டூன் 45 இருக்கும் நமீபியாவின் சோசஸ்வ்லெய் மணல்மேடுகளுக்குப் போகும் வழி செஸ்ரியமில் தொடங்குகிறது. அங்கே இரண்டு வாசல்கள். வெளிவாசல் சூரியன் உதித்த பிறகுதான் திறக்கும். அரசு நிறுவனம் நடத்தும் செஸ்ரியம் கேம்ப்சைட் போல, அந்த வாசலுக்கு உள்ளே தங்கியவர்களுக்கு மட்டும் உள்வாசல் ஒரு மணி நேரம் முன்னதாகவே திறக்கும். டூன் 45 என்ற பெயரே அது செஸ்ரியமிலிருந்து 45 கிலோமீட்டரில் இருப்பதால் வந்தது. அதாவது வெளியே படுத்தவர் எத்தனை மணிக்கு எழுந்தாலும் சரி, அந்த மேட்டின் மேல் நின்று உதயம் பார்க்கவே முடியாது. வண்டியை எப்படி விரட்டினாலும் முடியாது. இது அந்தப் பாதையில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தே எழுதி விற்றிருக்கிறார்கள்.

எங்கள் கூடாரம் வெளியே ஒரு தனியார் இடத்தில். இடத்தைக் குறை சொல்ல மாட்டேன், வெந்நீர்கூட வந்தது. ஜூலை மாதக் குளிரில் இருட்டோடு எழுப்பி, காபி கொடுத்து, வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எங்களுக்கு முன்னால் வரிசையாக வண்டிகள். ஏழரை மணி வாக்கில் கம்பி தூக்கினார்கள். டூன் 45-க்குப் போனபோது, உள்ளே தங்கியவர்கள் உதயம் பார்த்து முடித்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். "நேரம் ஆகிவிட்டது, நேராக டெட்வ்லெய் போகலாம்" என்றார்கள். சோசஸ்வ்லெய்க்குப் பக்கத்தில், பட்ட மரங்கள் நிற்கும் வறண்ட பள்ளம் அது.

சோசஸ்வ்லெய்க்கு முன் கடைசி ஐந்து கிலோமீட்டர் நல்ல மணல். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டிகள்தான் போகும். எங்கள் வண்டி அப்படியில்லை, அதனால் ஷட்டிலுக்குக் காத்திருப்பு, அதற்குத் தனிக் காசு. இறங்கி மணலில் இன்னும் ஒரு கிலோமீட்டர் நடை. அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பட்டுப்போய் நிற்கும் அந்தக் கருப்பு மரங்களைப் படமெடுக்கப் பேர்போன நேரம் அதிகாலைதான். மரங்கள் நிழலில் இருக்கும், பின்னால் மணல்மேடு செம்மஞ்சளாக எரியும். நாங்கள் போனபோது பள்ளம் முழுக்க வெயில் விழுந்திருந்தது. "அண்ணி, இந்த லென்ஸை ஊர்லேர்ந்து எதுக்குத் தூக்கிட்டு வந்தேன்?" என்றாள் நாத்தனார். அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. நாங்கள் காசு கொடுத்தது வேறொன்றுக்கு.

எட்டோஷாவிலும் இதே கதைதான். பூங்காவுக்குள் இருக்கும் ஓகாகுவேயோ முகாமின் ஓரத்தில் ஒரு நீர்நிலை இருக்கிறது. இரவெல்லாம் விளக்குப் போட்டிருப்பார்கள், தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கலாம். கருப்புக் காண்டாமிருகம் இருட்டிய பிறகு தண்ணீருக்கு வருவது அங்கேதான் பிரசித்தம். ஆனால் உள்ளே தங்காதவர்கள் சூரியன் மறைவதற்குள் பூங்காவை விட்டு வெளியேறியாக வேண்டும். நாங்கள் வெளியேறினோம். பூங்காவின் ஆண்டர்சன் வாசலுக்கு வெளியே கேம்ப்சைட்டில், நீச்சல் குளத்துப் பக்கம் எரிந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

வழிகாட்டியிடம் கேட்டேன். நல்ல மனிதர். ஓட்டுவதும் அவரே, சமைப்பதும் அவரே. "அம்மா, இடம் போடுவது ஆபீஸ். எந்த கேம்ப் என்று எனக்கே கிளம்பும்போதுதான் தாள் கொடுத்தார்கள்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, டிப்ஸும் குறைக்கவில்லை. உள்ளே இருக்கும் கேம்ப்சைட்டுகள் சீசனில் மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும், கட்டணமும் கூடுதல். கடைசி நேரத்தில் ஆள் சேர்த்து அனுப்புகிறவர்களுக்கு அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். கிடைக்காது என்றால் அதைச் சொல்லி விற்கலாமே?

ஊர் திரும்பி ஏஜென்டுக்கு எழுதியபோது வந்த பதில்: நிபந்தனைகளில் "அல்லது அதற்கு இணையான தங்குமிடம்" என்று இருக்கிறதாம். குளியலறைக்கு இணை உண்டு, மெத்தைக்கு இணை உண்டு. காண்டாமிருகம் வரும் நீர்நிலைக்கு இணை எது என்று திரும்பக் கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி தருகிறார்களாம்.

வண்டி விஷயமும் உண்டு. விளம்பரப் படத்தில் இருந்தது உயரமான ஓவர்லேண்ட் டிரக் (நாடு நாடாகத் தரைவழியே குழுவை ஏற்றிப்போகும் லாரி), பெரிய ஜன்னல், ஆளுக்கொரு லாக்கர். வந்தது டொயோட்டா குவாண்டம் வேனும் பின்னால் ஒரு டிரெய்லரும். தார் ரோட்டில் பரவாயில்லை. நமீபியாவின் சரளைச் சாலையில் மணிக்கணக்கில் போனால் முதுகு பேசும். பூங்காவில் புதருக்கு மேலே எட்டிப் பார்க்க டிரக்கின் உயரம்தான் உதவும், அதுவும் போச்சு. விசாரித்தால், நாங்கள் பணம் கட்டிய நிறுவனம் வண்டியே வைத்திருக்கவில்லை. இருக்கையை விற்று இன்னொரு நிறுவனத்திடம் ஆளை ஒப்படைக்கிறது. இந்தத் தொழிலில் இது சகஜம்தான், தப்பென்று சொல்லவில்லை. ஆனால் ஓட்டப்போகிறவர் யார் என்று முன்கூட்டியே பெயர் கேளுங்கள். நமீபிய நிறுவனமென்றால் நமீபியச் சுற்றுலா வாரியத்தின் பதிவு எண் இருக்கும். தென்னாப்பிரிக்க நிறுவனமென்றால் சாட்சா (SATSA) என்ற சுற்றுலா நிறுவனங்களின் சங்கத்தில் உறுப்பினரா என்று பார்க்கலாம். சொல்லத் தயங்கினால் அந்த ஏஜென்டை விட்டுவிடுங்கள்.

முதல் நாள் காலை, வண்டி நகரும் முன்பே, "லோக்கல் பேமெண்ட்" என்று அமெரிக்க டாலரில் ரொக்கமாக வாங்கினார்கள். இப்படி வாங்குவது ஓவர்லேண்ட் பயணங்களில் பழைய வழக்கம். பழைய நோட்டு, கிழிந்த நோட்டு வாங்க மாட்டார்கள். ரசீது கேட்டதற்கு மின்னஞ்சலில் வரும் என்றார்கள், வரவில்லை. மீதியை நமீபிய டாலரில் கொடுத்தார்கள். அது தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சமமதிப்புதான், நமீபியாவில் ராண்ட் செல்லும். ஆனால் நமீபிய டாலரைத் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் நீட்டினால் கடைக்காரர் சிரிப்பார். எல்லை தாண்டும் முன் செலவழித்துவிடுங்கள்.

போட்ஸ்வானா எல்லையில் கோமாரி நோய்க்குப் பயந்து செருப்பை மருந்தில் மிதிக்கச் சொல்வார்கள், பச்சை இறைச்சியைப் பறிமுதல் செய்வார்கள். இந்தப் பாதையில் தொழில் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்கவே முடியாது. எங்கள் பெட்டியில் இருந்த இறைச்சி முழுவதும் போனது. குழுவில் இருந்தவர்களுக்கு அன்று ராத்திரி டின் பீன்ஸ். நான் சைவம், எனக்கு எல்லா ராத்திரியும் அதுதான்.

போட்ஸ்வானாவில், சோபே பூங்காவை ஒட்டிய கசானே ஊரில் இன்னொரு வேடிக்கை. சோபே பூங்காவுக்குள் திறந்த ஜீப்பில் காலைச் சவாரி கட்டணத்திலேயே சேர்ந்தது என்று வவுச்சரில் இருந்தது. அங்கே போனதும் அது "விருப்பத் தேர்வு" ஆகிவிட்டது. வவுச்சரை அச்செடுத்துப் போயிருந்ததால் சண்டை போட்டு ஜெயித்தோம். போனில் மட்டும் வைத்திருந்தவர்கள் சிக்னல் இல்லாமல் காசு கட்டினார்கள். அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தப் பணத்தையும் வங்கி மாற்றாக அனுப்பினால் தள்ளுபடி என்று எங்களை இழுத்தார்கள். முன்பணத்தை மட்டும் கார்டில் கட்டியிருந்தோம். அந்தத் தொகைக்குத்தான் இப்போது வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கை) கேட்க முடிந்திருக்கிறது. மற்றது போனது போனதுதான்.

வங்கி விசாரணை முடியும்வரை ஏஜென்ட் பெயரைப் பொதுவில் போட முடியாது. இதே வழியில் முன்பதிவு செய்திருப்பவர்கள் உங்கள் பயணத் திட்டத்தில் இரவுத் தங்கல் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள். எந்த இரவு உள்ளே, எந்த இரவு வெளியே என்று பார்த்துச் சொல்கிறேன்.