காயாங்கேணி முருகைக்கல் பார்க்க மாணவர் குழு: கடலுக்கு எட்டு, சாமானுக்கு நாலு

மட்டக்களப்பு நகரத்திலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீற்றரில் பாசிக்குடா. திருகோணமலை வீதியில் இன்னும் மேலே போனால் காயாங்கேணி, 2019இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். பள்ளிக்கூட, கம்பஸ் பிள்ளைகளை மாஸ்க் போட்டுக் குப்புற மிதக்கவிட்டு (ஸ்நோர்க்கல்) முருகைக்கல், அதாவது பவளப்பாறை, காட்ட கிழக்கில் இதைவிடத் தோதான இடம் குறைவு. பத்துக்குப் புள்ளி போட்டால் கடலுக்கு எட்டு. படகோடு வாடகைக்கு வரும் சாமானுக்கு நாலுதான் போடலாம்.

முதற்குறை மாஸ்க். ஒரே பெரிய அளவில் கட்டுக்கட்டாக வைத்திருப்பார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையின் சின்ன முகத்தில் மூக்குக்குக் கீழே இடைவெளி விழும். கரையிலேயே சோதியுங்கள். பட்டியை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுத்துக்கொண்டு கையை எடுக்க வேணும். விழாமல் ஒட்டி நின்றால் சரி, விழுந்தால் வேறொன்று கேளுங்கள். நாலு மயிர் உள்ளே மாட்டினாலும் தண்ணீர் கசியும். பர்தா போடும் பிள்ளைகள் துணியின் விளிம்பை வெளியே ஒதுக்க வேணும். கசிந்தவுடன் எல்லாரும் பட்டியைத்தான் இறுக்குவார்கள். இறுக்க இறுக்க றப்பர் ஓரம் மடிந்து இன்னும் கசியும். மாஸ்க் கண்ணாடியில் நீராவி படியாமலிருக்க ஒரு சொட்டு பேபி ஷாம்பூவைத் தேய்த்து லேசாக அலசினால் போதும். (எச்சிலும் வேலை செய்யும், பிள்ளைகள்தான் முகம் சுளிப்பார்கள்.) முகம் முழுக்க மூடும் மாஸ்க் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவசரத்தில் சட்டென்று கழற்றுவது கஷ்டம்.

படகில் போட்டிருக்கும் தடித்த லைஃப் ஜாக்கெட் ஆளை மல்லாக்கத் திருப்பும். குப்புறக் கிடந்து பார்க்க விடாது. பிள்ளை அதோடு மல்லுக்கட்டியே களைத்துப்போகும். ஊதிப் போடும் ஸ்நோர்க்கல் வெஸ்ட் இருக்கிறதா என்று முற்பணம் கட்டுமுன் கேளுங்கள். நீந்தத் தெரிந்த பிள்ளையும் அதைப் போடத்தான் வேணும்.

மே முதல் செப்டெம்பர் வரை தண்ணீர் தெளிவு. வாடைக்காற்று தொடங்கினால் கலங்கிவிடும், அப்போது போவது காசுக்குக் கேடு. நல்ல மாதத்திலும் காலை ஏழு மணிக்கு இறங்கி பத்துக்குள் ஏறிவிடுவதே புத்தி. கச்சான் (தென்மேற்குக் காற்று) தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும். அந்த அமைதியை நம்பி மிதக்கும் பிள்ளையைக் காற்று சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போதுதான் எதிர்க்காற்று தெரியும்.

குழு என்றால் விலையைக் குறைக்கலாம். ஆனால் அப்படிப் பேசும்போது பெரும்பாலும் வெட்டுப்படுவது வழிகாட்டிதான். தண்ணீருக்குள் ஆறு பிள்ளைகளுக்கு ஒருவர், படகில் தலை எண்ண ஓர் ஆசிரியர். இதற்குக் குறைந்தால் சம்மதிக்க வேண்டாம். பிள்ளைகளைச் சோடி சோடியாக இறக்குங்கள். யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற போட்டியை முளையிலேயே கிள்ளுங்கள்: வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டுச் சுழியோடினால் எந்த அறிகுறியுமில்லாமல் தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வரும்.

சன்கிறீமை நம்புவதைவிட நீளக்கை நீச்சல் சட்டை மேல். முதுகும் வேகாது, கல்லுக்கும் கேடில்லை. பருத்திச் சட்டை நனைந்தால் பாரம். கல்லில் காலூன்றக் கூடாது. உருண்டை முருகைக்கல் வருசத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும், ஒரு மிதியில் போய்விடும். முருகைக்கல்லின் கூர்மை காலையும் கிழிக்கும், அந்தக் காயம் ஆற நாளெடுக்கும்.

நங்கூரத்தை மணலில் போடச் சொல்லிப் படகில் ஏறும்போதே பேசிவிடுங்கள். பாறைக்கு மேலே வந்தபிறகு வாய் திறந்தால் கயிறு கீழே போய்ச் சேர்ந்திருக்கும்.