தமிழ் ஆராதனைத் திரைக்கு ஓபன்எல்பி: மென்பொருள் மதிப்பீடு

கொழும்பில் தமிழ் ஆராதனை நடக்கும் பல சபைகளில் பாட்டு வரிகள் இன்றும் பவர்பொயின்ட் கோப்புகளாகவே கிடக்கின்றன. ஒரே பாட்டுக்கு மூன்று பிரதி, மூன்றிலும் வேறு வேறு எழுத்துப்பிழை. பாட்டு நடத்துபவர் நினைத்த நேரத்தில் பல்லவிக்குத் திரும்பினால், திரையை இயக்குபவர் நாலைந்து சிலைடு பின்னால் தட்டிப் போய்ச் சேருவதற்குள் சபை அந்த வரியைப் பாடி முடித்துவிடும்.

ஓபன்எல்பி இதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள். திறந்த மூலம், முழுக்க இலவசம், விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காணிக்கைப் பணத்தில் டொலர் சந்தா கட்ட வேண்டியதில்லை. பாட்டு, வேதவசனம், படம், காணொளி எல்லாவற்றையும் அன்றைய ஆராதனை ஒழுங்குப்படி ஒரே பட்டியலில் அடுக்கலாம். தமிழ் எழுத்துகளைக் கொம்பு, புள்ளி சிதறாமல் காட்டுகிறது. சிறிய, நடுத்தரச் சபைகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்போம்.

நிறுவுவதற்குப் பத்து நிமிடம் போதும். பழைய பாட்டுகளை உள்ளே கொண்டுவருவதற்குத்தான் பொறுமை வேண்டும், ஏனென்றால் இலங்கையில் பழைய கோப்புகள் பெரும்பாலும் பாமினியில் தட்டச்சு செய்தவை. பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திய எழுத்துரு. வரியை நகலெடுத்து ஓபன்எல்பியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும், நடுவே எங்கு பார்த்தாலும் அரைப்புள்ளி நிற்கும். பாமினியில் அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. அதைக் கண்டாலே கோப்பு பாமினி என்று முடிவுசெய்து யூனிகோட் (எல்லாக் கணினிகளும் ஏற்கும் பொதுக் குறியீட்டு முறை) மாற்றிக்குக் கொடுக்கலாம். இணையத்தில் இலவச மாற்றிகள் பல உண்டு.

மாற்றியபின் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழை மிஞ்சலாம். ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரத்தை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடும்போது ஒன்று மற்றொன்றுக்கு அகப்படாமல் போகலாம். ‘ஔ’காரத்துக்குப் பதிலாகக் கொம்போடு ‘ள’ வந்து உட்கார்ந்திருப்பதும் இதே வகை. ஐம்பது பாட்டு ஏற்றியதும் நின்று, ஒகர ஓகாரச் சொற்கள் சிலவற்றைப் புதிதாகத் தட்டச்சு செய்து தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மாற்றியை மாற்றுங்கள். ஐந்நூறு ஏற்றியபின் கண்டுபிடித்தால் வீண் உழைப்பு.

மாற்றுத் தலைப்பு என்றொரு பெட்டி உண்டு. அதில் பாட்டின் முதல் வரியை ஆங்கில எழுத்தில் எழுதிவிடுங்கள். தமிழ் விசைப்பலகை இல்லாத கணினியிலும் பாட்டைத் தேடிப் பிடிக்கலாம். பாட்டுப் புத்தகப் பெயரையும் எண்ணையும் அதற்குரிய இடத்தில் கட்டாயம் நிரப்பவேண்டும். புத்தகம் பிடித்துப் பாடும் மூத்தவர்கள் எண்ணைத்தான் கேட்பார்கள். அந்த எண்ணைத் திரையின் அடியில் சிறியதாகக் காட்டவும் முடியும்.

கீர்த்தனைகளுக்கு இதன் பாட்டு அமைப்பு நன்றாகப் பொருந்துகிறது. பல்லவியைக் கோரஸ் என்றும், அனுபல்லவியைப் பிரீ-கோரஸ் என்றும், சரணங்களை வேர்ஸ் என்றும் குறித்துவிட்டு, வரிசைப் பெட்டியில் ஒவ்வொரு சரணத்துக்கும் பின் கோரஸைச் சேர்த்துவிடுங்கள். பல்லவியை ஒருமுறைதான் தட்டச்சு செய்வீர்கள். நடத்துபவர் வரிசையை மீறினாலும், எல்லாப் பகுதிகளும் கண்முன் பட்டியலாக இருப்பதால் ஒரே கிளிக்கில் தாவலாம். ஆனாலும் இயக்குபவர் பாட்டுத் தெரிந்தவராக இருக்கவேண்டும். சரணத்தின் கடைசிச் சொல் ஒலிக்கும்போதே அடுத்த சிலைடு வரவேண்டும், முடிந்தபின் வந்தால் பாட்டு தடுமாறும். கணினி தெரியும் என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளையை அங்கே உட்கார்த்தாதீர்கள்.

ஒரு சிலைடுக்கு நான்கு வரிக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆங்கிலத்துக்கு அமைத்த எழுத்தளவில் வரி மடிந்து ஒற்றைச் சொல் கீழே தொங்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தடித்த வடிவில், கருநீலப் பின்னணியில் வெள்ளையாக வைத்தால் பகல் வெளிச்சத்திலும் தெரியும்.

கொழும்புச் சபைகளுக்கு மிகவும் தேவையான வசதி இனித்தான். வீட்டில் தமிழ் பேசி, ஆங்கில அல்லது சிங்கள மொழிமூலத்தில் படித்து, தமிழ் வாசிக்கத் தெரியாமல் வளரும் பிள்ளைகள் நம் இருக்கைகளில் இருக்கிறார்கள். அவர்கள் வாய் மூடி நிற்பது பக்திக் குறைவால் அல்ல. ஓபன்எல்பியில் எழுத்தளவையும் நிறத்தையும் மாற்றும் வடிவமைப்புக் குறி ஒன்றை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு தமிழ் வரிக்கும் கீழே அதே வரியை ஆங்கில எழுத்தில், மூன்றில் இரண்டு பங்கு அளவில், வெளிர்மஞ்சளில் கொடுங்கள். அப்போது சிலைடுக்கு இரண்டு தமிழ் வரிதான் கொள்ளும். மும்மொழிக் கூட்டு ஆராதனையிலும் திரையில் ஒரே நேரத்தில் இரண்டு மொழிக்கு மேல் திணிக்காதீர்கள். சிங்களச் சபையிலிருந்து வரும் கோப்பு எஃப்எம் அபய என்ற பழைய சிங்கள எழுத்துருவில் இருந்தால், பாமினிக்குச் செய்த மாற்றம் அதற்கும் தேவை.

வேதாகமத்தை ஓசிஸ், செஃபானியா போன்ற வடிவக் கோப்புகளிலிருந்து ஏற்றலாம். தமிழ்ப் புத்தகப் பெயர்களை மென்பொருள் அடையாளம் காணாதபோது ஒவ்வொன்றாகக் கேட்கும். அவசரப்பட்டு 1 சாமுவேலையும் 2 சாமுவேலையும் மாற்றிப் பொருத்திவிட்டால் வாசிப்பு நேரத்தில்தான் வெளிப்படும். கத்தோலிக்க ஆலயங்கள் இணைத்திருமுறை நூல்கள் ஏற்றப்பட்டனவா என்று தனியே பார்க்கவேண்டும். நீளமான வாசிப்புகளைத் திரையில் போடவேண்டாம் என்பது எங்கள் கருத்து. சபை வேதாகமத்தைத் திறக்கும் பழக்கம் அதனால் தேய்கிறது.

பாடகர் குழுவுக்கு முன் பழைய டப்லெட் ஒன்றை வைத்து, அதன் உலாவியில் கணினியின் ஐபி முகவரியையும் 4316 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்து, மேடைக் காட்சியைத் திறந்தால் தற்போதைய வரியும் அடுத்து வருவதும் தெரியும். இணையம் தேவையில்லை, இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். திறக்காவிட்டால் விண்டோஸ் ஃபயர்வோலில் அனுமதி கொடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். விருந்தினர் வைஃபையில் இணைத்திருந்தாலும் சாதனங்கள் ஒன்றையொன்று காணாமல் போகலாம்.

குறைகளும் உண்டு. காணொளிக்கு விஎல்சி என்ற காணொளி மென்பொருளைத் தனியாக நிறுவவேண்டும், 64 பிட் ஓபன்எல்பிக்கு 32 பிட் விஎல்சி உதவாது. நேரலை ஒளிபரப்பை இது செய்யாது, அதற்கு ஓபிஎஸ் போன்ற தனி மென்பொருள் வேண்டும். பவர்பொயின்ட் சிலைடுகளைக் காட்டக் கணினியில் பவர்பொயின்டோ லிப்ரே ஒபிஸோ இருக்கவேண்டும். மென்பொருள் இலவசம் என்பதால் பாட்டின் உரிமையும் இலவசம் ஆகிவிடாது. புதிய பாடல்களுக்கு எழுதியவரின் அனுமதியைக் கேளுங்கள், நேரலையில் போடுவதென்றால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கணினியை ஃபோர்மெட் செய்வதற்கு முன் ஓபன்எல்பியின் தரவுக் கோப்புறையை முழுதாகப் பென் டிரைவுக்கு நகலெடுங்கள். பாட்டுகள் அத்தனையும் அங்கே ஒரே தரவுத்தளக் கோப்பில்தான் இருக்கின்றன. இரண்டாவது பிரதி ஒன்று சபை அலுவலகத்தில் இருக்கட்டும்.