பீர் இலவசம், இளநீருக்கு 15 டாலர்: மாலத்தீவு ரிசார்ட்டில் குடும்பத்தோடு தங்கிய அனுபவம்

2025-இல் பிள்ளைகளின் காலாண்டுத் தேர்வு விடுமுறையின்போது நாங்கள் தங்கிவந்த மாலத்தீவு ரிசார்ட், இந்த மழைக்காலத்திற்குக் கட்டணத்தைக் கணிசமாகக் குறைத்திருக்கிறது என்றும், உணவும் பானங்களும் கட்டணத்திலேயே அடங்கும் ஆல் இன்குளூசிவ் திட்டத்தில் முன்பதிவு செய்யலாமா என்றும் அலுவலக நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனதால், வயதான பெற்றோரையும் பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அங்கே போக நினைக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று விரிவாகவே எழுதிவிடுகிறேன். தண்ணீர்மேல் கட்டிய வில்லா, நீச்சல் குளம், வெள்ளை மணல் ஆகியவற்றின் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவை படத்தில் உள்ளபடியே இருந்தன, எனவே அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. விடுதியின் பெயரையும் தவிர்க்கிறேன். பா அட்டோல் என்ற பவளத்தீவுக் கூட்டத்தில் இருக்கிறது என்பது போதும்.

எங்களுக்கு ஊர் நாகர்கோவில். திருவனந்தபுரத்திலிருந்து மாலேவுக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரந்தான். அங்கிருந்து எங்கள் விடுதிக்குக் கடல் விமானத்தில் போக வேண்டும். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும் என்பதால், பிற்பகலில் தாமதமாக மாலேயில் இறங்குவோர் அன்றிரவு அங்கேயே தங்க நேரிடும். நாங்கள் முற்பகலிலேயே போய்ச் சேர்ந்தும், மற்ற விமானங்களில் வருவோருக்காகக் காத்திருந்து, தீவில் கால் வைக்கும்போது மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. பணம் கட்டிய ஒரு வேளை உணவு அப்படிக் கழிந்தது. விமானத்தில் ஒருவருக்கு 20 கிலோ பெட்டியும் 5 கிலோ கைப்பையும்தான் அனுமதி. விமானிகள் வெறுங்காலோடு ஓட்டுவதைப் பார்த்து என் மகன் அடைந்த மகிழ்ச்சியில் அந்தக் காத்திருப்பு எனக்கும் பாதி மறந்துபோயிற்று.

மறக்காத விஷயத்திற்கு வருகிறேன். சுற்றுலா முகவர் தந்த தாளில் 'எல்லா உணவுகளும் பானங்களும் அடங்கும்' என்று இருந்தது. தீவில் இறங்கி, குளிர்ந்த துண்டால் முகம் துடைத்து, கையில் பட்டை கட்டிய பிறகுதான் எவையெல்லாம் அடங்காது என்ற பட்டியலைக் கொடுத்தார்கள். பார் காலை பத்து மணிக்குத் திறந்து நள்ளிரவு வரை நடக்கும். பீர், ஒயின், விஸ்கி, காக்டெய்ல் எல்லாம் கேட்கக் கேட்கக் கிடைக்கும், கையெழுத்துக்கூட வேண்டாம். ஆனால் புதிதாகப் பிழிந்த பழச்சாறும் இளநீரும் 'பிரீமியம்' பட்டியலில் இருந்தன. இலவசமாகக் கிடைத்த ஜூஸ் அட்டைப் பெட்டியிலிருந்து ஊற்றித் தருவது. நம்மூர்ப் பேருந்து நிலையத்தில்கூட அதைவிட நல்ல சாறு கிடைக்கும்.

ஓர் இளநீரின் விலை 12 டாலர். அதன்மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்தக் கூட்டுத்தொகையின்மேல் சுற்றுலா ஜிஎஸ்டி 17 சதவீதம். அந்த வரி 2023 தொடக்கத்தில் 12-இலிருந்து 16 ஆகி, 2025 ஜூலையிலிருந்து 17 ஆகியிருக்கிறது. ஆக, 15 டாலர் 44 சென்ட். கார்டு நிறுவனம் எடுத்துக்கொள்வதை விட்டுவிட்டாலும் நம் பணத்தில் 1,350 ரூபாய்க்கு மேல். ஊரில் 50 ரூபாய் என்றாலே பேரம் பேசுகிற என் அம்மாவிடம் அந்தத் தொகையை நான் சொல்லவே இல்லை. மெனு அட்டையில் அவரே பார்த்துவிட்டார்.

இதில் என்னை அதிகம் உறுத்தியது விலையன்று. அந்தத் தீவு முழுக்கத் தென்னை. அந்நாட்டு அரசுச் சின்னத்தின் நடுவிலேயே தென்னைமரந்தான் நிற்கிறது. எங்கள் அறைக்கு எதிரே நின்ற மரங்களில் ஒருநாள் காலையில் தோட்டப் பணியாளர் ஒருவர் ஏறி, முற்றாத குலைகளைக் கயிற்றில் கட்டி இறக்கினார். இன்னொருவர் அவற்றைக் கைவண்டியில் அடுக்கி, எங்கள் திண்ணையை ஒட்டிய மணல் பாதையில் தள்ளிக்கொண்டு போனார். பச்சை மாறாத, கைக்கு அடக்கமான, ஊரில் என்றால் வண்டியை நிறுத்தி வாங்கத் தோன்றும் காய்கள். "மக்களே, அந்தப் பையன்கிட்ட ஒரு கருக்கு வெட்டித் தரச் சொல்லேன்" என்றார் அம்மா. எங்கள் ஊரில் இளநீருக்குக் கருக்கு என்று பெயர். கேட்டேன். அவர் சங்கடத்தோடு சிரித்து, உணவகத்தில் கேட்கச் சொன்னார். வண்டி கழிவு உரமாக்கும் இடத்தை நோக்கிப் போயிற்று. அந்த விடுமுறை முழுவதும் அம்மா கடலைப் பார்த்ததைவிட அந்த வண்டியைப் பார்த்ததுதான் அதிகம்.

மேலாளரிடம் இதைக் கேட்டபோது அவர் பொறுமையாகவே விளக்கினார். விருந்தினர் தலையில் தேங்காய் விழக்கூடாது என்பதற்காக முற்றுமுன்னே வெட்டிவிடுகிறார்களாம். உணவகத்தில் தரும் இளநீர் மக்கள் வாழும் பக்கத்துத் தீவிலிருந்து படகில் வருகிறதாம். சரிபார்க்காமல் தோட்டத்துக் காயை விருந்தினருக்குக் கொடுக்கச் சுகாதார விதி இடம் தராதாம். இவற்றில் எதையும் பொய் என்று சொல்ல மாட்டேன். பழங்களும் காய்கறிகளும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்கும் நாட்டில், குடிநீரையே கடல்நீரைச் சுத்திகரித்து எடுக்கும் தீவில், ஆரஞ்சுச் சாறு விலையாக இருப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பீரும் விஸ்கியும் அந்தத் தீவில் விளைவதில்லையே. மது அந்நாட்டுக்குள் நுழைவதே பெருங்கட்டுப்பாட்டோடுதான். பயணி பெட்டியில் ஒரு பாட்டில் கொண்டுபோனாலும் விமான நிலையச் சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பும்போதுதான் தருவார்கள். உரிமம் பெற்ற ரிசார்ட் போன்ற சுற்றுலா இடங்களில் மட்டுமே விற்க முடியும். அவ்வளவு சுற்றி வருகிற பானம் இலவசம், மரத்திலிருந்து கயிற்றில் இறங்கியது குப்பைக்கு, படகில் வந்தது 15 டாலர்.

யோசித்துப் பார்த்தால் இதில் மர்மம் ஏதுமில்லை. இந்தத் திட்டத்தின் விலையே, நாளெல்லாம் கையில் கோப்பையோடு இருக்கும் தம்பதியரை மனத்தில் வைத்துப் போடப்படுவது. ஒருவர் எவ்வளவு குடிப்பார் என்று சராசரி பார்த்து, அதைத் தலைக்கு இவ்வளவு என்று எல்லோர்மீதும் ஏற்றிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் குறைந்த கட்டணம். எழுபது வயதைக் கடந்த என் அம்மா, அவர்கள் கணக்கில், மது அருந்தும் முழு ஆள். அவரும் குடிப்பதில்லை, நானும் என் மனைவியும் குடிப்பதில்லை. பக்கத்து வில்லாக்காரர்கள் குடித்ததில் ஒரு பங்கை நாங்கள் கட்டினோம் என்பதே உண்மை. அவர்கள் மிக நல்ல மனிதர்கள், அதைப் பற்றிக் குறையில்லை.

இனி நியாயத்துக்குச் சில சொல்ல வேண்டும். பா அட்டோல் 2011-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்குள்ள ஹனிஃபாரு விரிகுடாவுக்குத் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், மே முதல் நவம்பர் வரை, மிதவை உயிரிகளைத் தின்ன மாண்டா திருக்கைகள் கூட்டமாக வருகின்றன. ஆக்சிஜன் உருளையோடு ஆழத்தில் இறங்க அனுமதியில்லை. மூச்சுக்குழாய் வைத்து மேற்பரப்பில் மிதந்து பார்க்கலாம், அதுவும் 45 நிமிடந்தான். எனக்கு நேர் கீழே ஒரு திருக்கை வாயைத் திறந்தபடி குட்டிக்கரணம் போட்டு மேலேறி வந்தது. அதன் வெள்ளை வயிற்றில் இருந்த கரும்புள்ளிகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. விலகுவதற்கு எனக்குத் தோன்றவில்லை, அதுவே விலகிப் போயிற்று. மழைக்காலத்தில் கட்டணம் குறைவாக இருப்பதும் இந்தக் காட்சி கிடைப்பதும் ஒரே மாதங்களில் என்பதை நண்பர் குறித்துக்கொள்ளட்டும். படகுப் பயணத்திற்குத் தனிக் கட்டணம். அதைக் கொடுத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

சமையலறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பஃபேயில் பாஸ்தா, வாட்டிய இறைச்சி, பனீர் பட்டர் மசாலா என்று ஊருக்கு ஒன்று வைத்திருந்தார்கள், எதிலும் உயிரில்லை. அந்த நாட்டின் சாப்பாடு வாரத்தில் ஓர் இரவு மட்டுமே மேசைக்கு வந்தது. சூரை மீனை உப்பு நீரில் கொதிக்க வைத்த கருதியா என்ற தெளிந்த ரசத்தை, சோறு, எலுமிச்சை, பச்சை மிளகாய், வெங்காயத்தோடு வைத்தார்கள். அம்மா முதன்முறையாக இரண்டாம் தடவை சோறு வாங்கினார். அதைக் கவனித்த சமையல்காரர் ஒருவர், மறுநாள் முதல் பணியாளர்களுக்குச் செய்யும் மீன் குழம்பில் ஒரு கிண்ணத்தை அம்மாவுக்கென எடுத்து வந்து வைத்தார். யாரும் பணம் கேட்கவில்லை. மேலும், கைவண்டி தள்ளிய தம்பி ஒருநாள் மாலையில் சீவிய இளநீர் ஒன்றை எங்கள் திண்ணையில் வைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் போய்விட்டார். அவர் எந்த நாட்டவர் என்பதைக்கூட எழுதாமல் விடுகிறேன்.

சின்னக் குறைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தீவின் மேற்குக் கரையைக் காற்றுக்காலத்து அலை அரித்திருந்ததால் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். பகலில் குழாய் வழியே மணல் இறைக்கும் பம்பின் சத்தம் ஓயவில்லை. கரையோரப் பவளப்பாறை பெரும்பகுதி சாம்பல் நிறமாகத்தான் இருக்கிறது. 1998-இலும் 2016-இலும் கடல் சூடேறி மாலத்தீவின் பவளங்கள் வெளுத்துப்போன வரலாற்றை அறிந்தவர்களுக்கு அது புதிதாக இராது. அதற்கு விடுதியைக் குறை சொல்வதும் முறையன்று.

புறப்படும் நாளில் வந்த பில்லில் இளநீர், பழச்சாறு, பிள்ளைகளின் மில்க் ஷேக் ஆகியவை வரிசையாக ஒரு பக்கத்தை நிரப்பியிருந்தன. பசுமை வரி ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். ஐந்து பேருக்கு 60 டாலர். அது 2025 ஜனவரியில் இரட்டிப்பாக்கப்பட்டது, எல்லா ரிசார்ட்டிலும் உண்டு, எனவே சண்டைக்கு இடமில்லை. மில்க் ஷேக்குக்குத்தான் நான் குரலை உயர்த்தினேன். ஒன்றைக் கழித்தார்கள்.

நண்பருக்கு என் பதில்: குடிக்கிற இரண்டு பேர் என்றால் தாராளமாக அதே திட்டத்தில் போகலாம், கட்டிய பணத்தை இரண்டே நாளில் எடுத்துவிடலாம். குடும்பமாக என்றால், காலை, இரவு உணவு மட்டும் அடங்கிய திட்டத்தைக் கேளுங்கள். அடங்காதவற்றின் பட்டியலைப் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்குங்கள். அல்லது ஹனிஃபாருவுக்கு அருகில் உள்ள தரவந்தூ தீவில் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. மக்கள் வாழும் தீவு, உள்நாட்டு விமான நிலையமும் உண்டு, சிறிய விடுதிகளில் பசுமை வரி 6 டாலர்தான். அங்கே மது கிடைக்காது. நமக்கு அது தேவையும் இல்லை.

மதிப்பெண் கேட்டால், நான்கு தர வேண்டும் என்பது என் மனைவியின் கட்சி. கடல், திருக்கை, அறையின் தூய்மை, பணியாளர்களின் அன்பு என்று ஒவ்வொன்றாகக் கூட்டினால் அவர் சொல்வதுதான் சரியாக வருகிறது. நான் ஐந்துக்கு இரண்டு தருகிறேன்.