நாகூர் கடைத்தெருவில் பிரேம் போட்ட பைபர்ஸ் குர்ஆன்

சுல்தான் பைபர்ஸ் குர்ஆனின் ஒரு பக்கத்தைக் கூடத்தில் மாட்ட, நாகூர் கடைத்தெருவில் பிரிண்ட் எடுத்து பிரேம் போட்டேன். பின்னாளில் எகிப்தின் சுல்தானான பைபர்ஸுக்காக, கெய்ரோவில் 1304–1306இல் ஏழு பாகமாக எழுதிய பிரதி. மூலம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. எழுதியவர் இப்னுல் வஹீத். தங்க எழுத்து, அதைச் சுற்றி மயிரிழைக் கறுப்புக் கோடு, உயிர்க்குறிகள் சிவப்பில். சுப்ஹானல்லாஹ், என்ன கை அது! வாப்பா ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து ஓதினார்கள்.

கடைத் தம்பி பளபளப்புத் தாள் வேண்டாமென்று மேட் தாள் போட்டார். அதில்தான் கறுப்புக் கோடு தெளிவாகத் தெரிகிறது. பின்னால் வைத்த அட்டைதான் மோசம், கடற்காற்றில் பூஞ்சை பூத்துவிடும். பிளைவுட் போடச் சொல்லி வாங்குங்கள்.