பழைய ஆம்ப்ளிஃபயரை விற்கிறீர்களா? மூடியைக் கழற்றிப் போட்டோ எடுத்து வையுங்கள்

வீட்டில் இருக்கும் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை விற்கும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு விற்கவும். போன மாதம் நான் ஏமாந்தேன். வந்தவர் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. உள்ளே இருந்த நல்ல பாகங்களை உருவிக்கொண்டு, பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்களுடையது ஜப்பானின் சான்சுயி கம்பெனி செட், ஏயூ-717 மாடல். பெரியப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கி 1980-இல் ஊருக்குக் கொண்டுவந்தது. கறுப்பு முகப்பு, சேனலுக்கு 85 வாட், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் எடை. இரும்பிலும் செம்பிலும் கணக்குப் பார்க்காமல் செய்த காலத்துச் செட். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் திறந்தோம், அதுவும் தூசி தட்ட. பெரியப்பா இறந்த பிறகு போட்டுக் கேட்க ஆளில்லை. பெரியம்மாவின் மருந்துச் செலவுக்காவது ஆகட்டும் என்று 45,000 ரூபாய் விலை போட்டு விளம்பரம் கொடுத்திருந்தேன்.

விளம்பரம் பார்த்துக் கூப்பிட்டவர் போனில் கேட்ட முதல் கேள்வியே, "அண்ணே, உள்ள டிரான்சிஸ்டர் எல்லாம் ஒரிஜினல்தானா? யாரும் கை வைக்கலையே?" என்பதுதான். விஷயம் தெரிந்தவர் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நேரில் வந்து பத்து நிமிஷம் கேட்டார். 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார். "ரெண்டு நாள் என் ஸ்பீக்கர்ல ஓட்டிப் பாத்துட்டு மீதியை அனுப்பிடறேண்ணே" என்றார். சரி என்று கொடுத்தனுப்பினேன்.

நாலாம் நாள் ஆட்டோவில் வந்து இறக்கினார். "சத்தமே வர மாட்டேங்குது, வேண்டாம்ணே." பழுதான பொருளை விற்கப் பார்த்தோமே என்று கூச்சப்பட்டு, போட்டுக்கூடப் பார்க்காமல் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நான் செய்த பெரிய தப்பு அது. அவர் போன பிறகு சுவிட்சைப் போட்டேன். சில நொடிகளில் உள்ளே ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) 'டக்' என்று பிடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவே இல்லை.

தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். திறந்தவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது. திருகாணித் தலைகளில் புதிய கீறல். ஹீட் சிங்க்கில் (டிரான்சிஸ்டரின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) தடவும் பேஸ்ட் ஈரமாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. நாற்பது வருஷப் பேஸ்ட் காய்ந்து உதிர வேண்டும் என்றார். ஈயம் வைத்த இடங்கள் பளபளத்தன. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டிரான்சிஸ்டரைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்ததும் எண்கள் அழிந்தே போயின. அச்சடித்த டூப்ளிகேட். அதனால் ஸ்பீக்கர் லைனில் டிசி (ஸ்பீக்கருக்குப் போகக் கூடாத நேர் மின்சாரம்) ஏறி நிற்கிறது, அதைத் தடுக்கத்தான் ரிலே பிடிக்கவில்லை என்று மீட்டர் வைத்துக் காட்டினார். அந்தப் பாதுகாப்பு இல்லாத செட்டாக இருந்திருந்தால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளே எரிந்திருக்கும். கரன்டைச் சேர்த்து வைக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களும் மாறியிருந்தன.

இதையெல்லாம் ஏன் திருடுகிறார்கள் என்று கேட்டேன். அந்தக் கால டிரான்சிஸ்டர்கள் இப்போது தயாரிப்பில் இல்லை. சந்தையில் போலிகள் நிறைய. ஓடுகிற செட்டிலிருந்து கழற்றினால்தான் அசல் என்று நம்பி வாங்கலாம் என்றார். முதல் போனில் கேட்ட கேள்வியின் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

போலீஸிலும் சொன்னேன். முன்பு உள்ளே என்ன இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். என்னிடம் இருந்தது முகப்புப் போட்டோ மட்டும்.

அதனால் சொல்கிறேன், யாருக்கும் காட்டுவதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கி நன்றாக நேரம் விட்டு (கெப்பாசிட்டரில் கரன்ட் தங்கியிருக்கும், தெரியாதவர்கள் மெக்கானிக்கை வைத்தே செய்யுங்கள்) மூடியைத் திறந்து, டிரான்சிஸ்டர் எண்கள் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவிடுங்கள். மூடித் திருகாணிகளின் மேல் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்து (யாராவது திறந்தால் உடைந்து காட்டிக்கொடுக்கும்), அதை வாங்க வருபவரிடமும் சொல்லிவிடுங்கள். கேட்டுப் பார்ப்பதெல்லாம் உங்கள் வீட்டில்தான். வேண்டுமானால் அவர் ஸ்பீக்கரை இங்கே கொண்டுவரட்டும். முழுப் பணம் வராமல் செட் வாசல் தாண்டக் கூடாது. யாராவது திருப்பிக் கொண்டுவந்தால் அவர் முன்னாலேயே திறந்து பாருங்கள், பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம்.

அப்புறம், இதே விளம்பரத்துக்கு இன்னொருவர் க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் முன்பணம் வரும் என்றார். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

செட் இன்னும் மெக்கானிக் கடையில்தான் இருக்கிறது. பொருத்தமான ஜோடி டிரான்சிஸ்டருக்கு அலைந்துகொண்டிருக்கிறார். கிடைத்து மாட்டினாலும், பாகம் மாறியதைச் சொல்லித்தான் விற்பேன். அப்படி விற்றால் பாதி விலை வருவதே கஷ்டம் என்கிறார்.